உழவர் அடையாள எண்: பட்டாவில் என்ன இருக்கிறதோ, எண்ணிலும் அதுதான்

உழவர் அடையாள எண்ணுக்கான முகாம் மேசையில் ஒருவருக்குப் பதிவு போட பத்து நிமிடம் போதும். அதே மேசைக்கு ஒரே ஆள் திரும்பத் திரும்ப வருகிறார் என்றால் பெரும்பாலும் காரணம் பட்டா. சில நாள் சர்வரும் காலை வாரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சர்வர் மறுநாள் சரியாகிவிடும். 1980-களில் தப்பாக ஏறிய பெயர் தானாகச் சரியாகாது.

இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மத்திய அரசு 2024 செப்டம்பர் 2 அன்று ஒப்புதல் தந்த டிஜிட்டல் வேளாண் இயக்கத்தின் ஒரு பகுதி அக்ரிஸ்டாக். அதற்குள் மூன்று பதிவேடுகள்: விவசாயி யார் என்பதற்கு ஒன்று, நிலம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒன்று, அதில் இந்தப் பருவம் என்ன பயிர் என்பதற்கு ஒன்று. முதல் பதிவேட்டில் சேரும்போது கிடைப்பதுதான் 11 இலக்கத் தனித்துவ அடையாள எண். தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் ஊர் ஊராக முகாம் போட்டது இதற்குத்தான்.

ஆளின் விவரம் ஆதாரிலிருந்து வருகிறது. நிலத்தின் விவரம் வருவாய்த் துறையின் தமிழ்நிலம் தரவிலிருந்து வருகிறது. ஆபரேட்டர் செய்வது இரண்டையும் கோத்துவிடுவது மட்டும். அவர் பரப்பைக் கூட்டவும் முடியாது, பட்டாதாரர் பெயரை மாற்றவும் முடியாது. "கொஞ்சம் பார்த்துப் போடுங்க தம்பி" என்று மேசையில் கெஞ்சிப் பயனில்லை.

இன்னொரு குழப்பம், "நான்தான் ஏற்கெனவே பதிஞ்சிட்டேனே" என்பது. பிஎம் கிசான் பதிவு எண் வேறு. உழவன் செயலியில் பதிந்தது வேறு. மாநில அரசின் கிரெயின்ஸ் தளத்தில் வேளாண் உதவி அலுவலர் ஏற்றியது வேறு. பயிர்க் காப்பீட்டு விண்ணப்ப எண் வேறு. இவற்றில் எது இருந்தாலும் 11 இலக்க எண் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

முகாமுக்கு முதல் நாள் பார்க்க வேண்டியவை

பெட்டியில் இருக்கும் பழைய பட்டாப் புத்தகத்தை நம்பிப் போகாதீர்கள். வருவாய்த் துறையின் இணையதளத்தில் இன்றைய நிலவரப்படி பட்டாவை எடுங்கள். மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்து, பட்டா எண்ணையோ சர்வே எண்ணையோ கொடுத்தால் வந்துவிடும். பட்டா எண் மறந்து போயிருந்தால் சர்வே எண், உட்பிரிவு எண் இரண்டையும் வைத்து அ-பதிவேடு எடுங்கள். அந்தச் சர்வே எண் எந்தப் பட்டாவில், யார் பெயரில் இருக்கிறது என்று அதில் இருக்கும்.

இங்கே முதல் தடுக்கல் கிராமத்தின் பெயர். ஊரார் சொல்லும் ஊர்ப் பெயர், ஊராட்சியின் பெயர், வருவாய் கிராமத்தின் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தளத்தில் எடுபடுவது வருவாய் கிராமம் மட்டும்தான். பத்திரத்தில் பழைய மாவட்டம், பழைய வட்டம் இருக்கும். இப்போது அது மாறியிருக்கும். 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், இராணிப்பேட்டை, செங்கல்பட்டு மாவட்டங்கள் பிரிந்தன. 2020-இல் மயிலாடுதுறை பிரிந்தது. அந்தப் பக்கத்து நிலங்களுக்குப் பழைய பத்திரத்தைப் பார்த்து மாவட்டத்தைத் தேர்ந்தால் நிலம் இல்லை என்றே வரும். ஊர் நகராட்சிக்குள் போய் நகர நில அளவை முடிந்திருந்தால், கிராமச் சர்வே எண்ணே செல்லாது. அந்த நிலத்துக்கு வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று பதிவேடே வேறு.

அடுத்தது பரப்பு. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் கணக்கில் இருக்கும். "0 - 40.50" என்று இருப்பதை நாற்பது செண்ட் என்று படித்துவிட்டு, பாதி நிலம் காணாமல் போய்விட்டதாகப் பதறுகிறவர்கள் நிறைய. அது 40.50 ஏர்ஸ். ஏர்ஸை 2.47-ஆல் பெருக்கினால் செண்ட் வரும். ஆக 40.50 ஏர்ஸ் என்பது ஏறத்தாழ ஒரு ஏக்கர். "0 - 81.00" என்றால் இரண்டு ஏக்கர். டெல்டாவில் மா கணக்குப் பேசுகிறவர்கள் 13.50 ஏர்ஸை ஒரு மா என்று வைத்துக்கொள்ளலாம். 33 செண்ட் சொச்சம், மூன்று மாவுக்கு ஒரு ஏக்கர். ஒரு ஏர்ஸ், அரை ஏர்ஸ் வித்தியாசம் பழைய ஏக்கர் கணக்கை மாற்றும்போது வந்ததாக இருக்கும். கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று குறைந்தால் அது வேறு வியாதி.

அந்த வியாதிக்குப் பெயர் யுடிஆர் பிழை. 1979 முதல் 1987 வரை மாநிலம் முழுக்க நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள், அந்த வேலைக்குப் பெயர்தான் யுடிஆர். இன்று கம்ப்யூட்டரில் நிற்பது அதன் வழிவந்த கணக்கு. அப்போது பக்கத்து வயல்காரர் பெயர் ஏறியது, பரப்பு குறைந்தது, பட்டா நிலம் புறம்போக்காகப் பதிவானது என்று பலவகைப் பிழைகள் நேர்ந்தன. இதைத் திருத்த இன்றைய பட்டா மட்டும் போதாது. யுடிஆருக்கு முந்தைய அ-பதிவேட்டின் நகல், நிலம் வந்த மூலப் பத்திரம், அன்றிலிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்று ஆகியவை வேண்டும். அதற்கு மாதக்கணக்காகும். ஆகவே இப்படிப்பட்ட நிலம் ஒன்று இருந்தால் அதற்காக எல்லாவற்றையும் நிறுத்தி வைக்காமல், சரியாக இருக்கும் சர்வே எண்களை வைத்து எண்ணை வாங்கிவிடுங்கள். திருத்தம் முடிந்ததும் மீதியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பெயர்

பட்டா தமிழில் இருக்கிறது. ஆதார்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எடுத்துக்கொண்டு, தளம் இரண்டையும் ஒப்பிட்டு எவ்வளவு பொருந்துகிறது என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. பொருத்தம் அதிகமாக இருந்தால் சிக்கலில்லாமல் நகரும். குறைந்தால் அதிகாரி பார்வைக்குப் போகும். இதில் கவனிக்க வேண்டியது, மதிப்பெண் குறைவது நிராகரிப்பு ஆகாது. முன்னெழுத்து முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, சுப்பிரமணி என்றா சுப்பிரமணியன் என்றா, ழகரத்தை ஆங்கிலத்தில் எந்த எழுத்தால் எழுதியிருக்கிறார்கள் என்பதெல்லாம் மதிப்பெண்ணைக் குறைக்கும். ஆனால் தந்தை பெயரும் ஊரும் ஒத்துப்போனால், பார்க்கிற அதிகாரிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இதற்காக ஆதாரைத் திருத்த ஓடாதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். ஒரு எழுத்துக்காக மாற்றினால் வங்கி, பான், குடும்ப அட்டை என்று ஒவ்வொன்றும் அதன் பின்னால் வரிசை கட்டும். திருத்தியே ஆக வேண்டிய இடம், பெயர் முழுதாக வேறாக இருக்கும்போது. பட்டாவில் வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் பள்ளிச் சான்றிதழ்ப் பெயர் என்று இருந்தால் மென்பொருளும் ஏற்காது, அதிகாரியும் கையெழுத்துப் போடத் தயங்குவார். அப்போது பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பத்திரமும் ஆதாரும் ஒத்துப்போனால் பட்டாவில் திருத்தம் கேளுங்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்பதற்குப் பத்திரத்தில் "என்கிற" போட்டு எழுதியிருந்தால் அதுவே பெரிய ஆதாரம்.

பெண்கள் பெயரில் இருக்கும் பட்டாக்களில் இன்னொரு வகைச் சிக்கல். திருமணத்துக்கு முன் தந்தை கொடுத்த நிலத்தில் தந்தை பெயர் இருக்கும். ஆதாரில் கணவர் பெயர் இருக்கும். ஆளின் பெயர் பொருந்தும், உறவுப் பெயர் பொருந்தாது. தந்தை பெயர் காட்டும் ஏதாவது ஒரு சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழோ வாரிசு சான்றிதழோ, கையில் இருந்தால் அதிகாரி கேட்கும்போது காட்டிவிடலாம்.

பட்டாவில் பெயர்த் திருத்தம் கேட்டு வட்டாட்சியருக்கு மனு கொடுக்க ஆண்டு முழுவதும் வழி உண்டு. ஆனால் மே, ஜூனில் வட்டந்தோறும் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்க நடக்கும் ஜமாபந்தி நல்ல சந்தர்ப்பம். கிராமக் கணக்குகள் எல்லாம் மேசைமேல் இருக்கும், விஏஓ, வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் மூவரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். மனு கொடுத்ததும் எண் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

மேசையில்

கொண்டு போக வேண்டியவை: ஆதார் அட்டை, ஆதாரோடு இணைந்த எண் இருக்கும் போன் (கையில், சார்ஜோடு), எல்லாச் சர்வே எண்களும் எழுதிய தாள். பட்டா நகல் இருந்தால் நல்லது. முகாமிலும் பொதுச் சேவை மையத்திலும் இந்தப் பதிவுக்குக் கட்டணம் இல்லை.

போன்தான் பல பேரைத் திருப்பி அனுப்புகிறது. ஆதாரில் கொடுத்த எண் பத்து ஆண்டுக்கு முந்தைய சிம்மாக இருக்கும், ரீசார்ஜ் செய்யாமல் அது வேறு யாருக்கோ போயிருக்கும். அல்லது திருப்பூரில் வேலை செய்யும் மகனின் எண்ணாக இருக்கும். மகன் எண் என்றால் பதிவு நேரத்தில் அவர் போனை எடுக்கிற நிலையில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஓடிபி ஒருமுறை மட்டும் வருவதில்லை. ஆதார் சரிபார்ப்புக்கு ஒன்று, மொபைல் எண்ணை உறுதிசெய்ய ஒன்று, கடைசியில் மின் கையொப்பத்துக்கு ஒன்று. செத்த எண் என்றால் அஞ்சலகத்திலோ ஆதார் மையத்திலோ புது எண்ணை இணைத்துவிட்டு வாருங்கள். 2025 அக்டோபர் முதல் இந்த வகை மாற்றத்துக்கு 75 ரூபாய், கைரேகை, கருவிழி புதுப்பிக்க 125 ரூபாய். கைரேகை வைத்தும் சரிபார்க்கலாம்தான். ஆனால் நாற்று நட்டு, மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களில் இயந்திரம் சட்டென்று ரேகை எடுப்பதில்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கட்டைவிரல் எடுக்காவிட்டால் வேறு விரல்களை வைத்துப் பாருங்கள்.

ஆதார் விவரம் திரையில் வந்ததும் தமிழில் பெயர் தட்டுவார்கள். அதைப் பட்டாவில் இருக்கிறபடியே தட்டச் சொல்லுங்கள். பிறகு நிலம். கிராமம் தேர்ந்து, சர்வே எண் கொடுத்தால் அந்த எண்ணில் இருக்கும் பட்டாதாரர்கள் பெயர் வரிசையாக வரும். அதில் உங்கள் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே பெயரில் ஊரில் நாலு பேர் இருந்தால் தந்தை பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் அடுத்த வீட்டுக்காரர் நிலத்தை இழுத்துக்கொண்டு வந்தால், அதைக் கழற்றுவது சேர்த்ததைவிடப் பெரிய வேலை.

அதிகம் நடக்கும் தவறு இதற்குப் பிறகுதான். ஒரு சர்வே எண் ஏறியதும் "வந்திடுச்சு" என்று முடித்துவிடுகிறார்கள். பின்னால் இருபது பேர் நிற்கிற வரிசையில் ஆபரேட்டரும் அதைத்தான் விரும்புவார். உங்களுக்கு மூன்று கிராமத்தில் ஐந்து எண் இருந்தால் கிராமத்தை மாற்றி மாற்றி ஐந்தையும் சேர்க்க வேண்டும். நஞ்சை ஒரு கிராமத்தில், தென்னந்தோப்பு பக்கத்து கிராமத்தில் என்றிருப்பது நம் ஊரில் சாதாரணம். எண்ணோடு இணையாத நிலத்துக்கு அந்த எண்ணை வைத்து எந்த மானியமும் கேட்க முடியாது. விட்டுப்போனதைப் பிறகு சேர்க்கலாம். அதற்குத் தனியாக விண்ணப்பித்து மறுபடி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். தாளில் சர்வே எண்களை எழுதிக்கொண்டு போகச் சொன்னது இதனால்தான். ஏறிய எண்ணை ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு, மொத்தப் பரப்பைத் திரையில் சரிபார்த்த பிறகு மின் கையொப்ப ஓடிபியைச் சொல்லுங்கள். அந்த ஓடிபி கையெழுத்துக்குச் சமம். அதைச் சொல்வதோடு உங்கள் தகவலைப் பகிரச் சம்மதமும் கொடுத்தாகிறது.

பதிவு முடிந்ததும் கிடைப்பது விண்ணப்பப் பதிவு எண்தான். ஒப்புதல் ஆன பிறகே 11 இலக்க எண் வரும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் காப்பீட்டுப் படிவத்தில் விண்ணப்ப எண்ணை எழுதிவிட்டுத் திணறுகிறவர்கள் உண்டு. ஆதார் எண்ணை வைத்து அக்ரிஸ்டாக் தளத்திலேயே நிலவரம் பார்க்கலாம்.

வாட்ஸ்அப்பில் "பிஎம் கிசான்" என்ற பெயரில் ஏபிகே கோப்பு வந்தால் தொடாதீர்கள், யார் அனுப்பியிருந்தாலும். தெரிந்தவர் போனையே கைப்பற்றி அதிலிருந்துதான் அனுப்புகிறார்கள். அதை நிறுவியதும் போனுக்கு வரும் ஓடிபி எல்லாம் மோசடிக்காரருக்கும் போகும். இந்தப் பதிவுக்கு உங்கள் போனில் எந்தச் செயலியும் வேண்டியதில்லை.

அப்பா பெயரில் பட்டா

முகாமுக்கு வருகிறவர்களில் எண் கிடைக்காமல் திரும்புகிறவர்களை வரிசைப்படுத்தினால் முதலிடம் இதற்குத்தான். அப்பா இறந்து பதினைந்து ஆண்டு ஆகியிருக்கும், மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் உழுது கொண்டிருப்பார்கள், பட்டா மட்டும் அப்பா பெயரிலேயே இருக்கும். தாத்தா பெயரில் இருப்பதும் உண்டு. இறந்தவரின் ஆதாரை வைத்துப் பதிய முடியாது. உயிரோடு இருப்பவர் பெயரிலோ நிலம் இல்லை.

இதற்கு உடனே பாகப்பிரிவினைப் பத்திரம் போட வேண்டும் என்று நினைத்துத்தான் பல குடும்பங்கள் பயந்து நிற்கின்றன. பாகம் பிரிப்பது என்று பேச்செடுத்தாலே பழைய கணக்கெல்லாம் கிளம்பும். அடையாள எண்ணுக்குப் பாகப்பிரிவினை தேவையில்லை. வாரிசுகள் எல்லோர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாறினாலே போதும். ஒவ்வொருவரும் அவரவர் ஆதாரை வைத்துத் தனித்தனி எண் வாங்கிக்கொள்ளலாம். பாகத்தை ஆற அமரப் பேசிக்கொள்ளலாம்.

வழி இதுதான். இறப்புச் சான்றிதழ் வேண்டும். அதை வைத்து இ-சேவை மையத்தில் வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விஏஓ, வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் பின் வட்டாட்சியர் கொடுப்பார். பின்னர் அதையும் பட்டா, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்றையும் சேர்த்து உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதலுக்கு விண்ணப்பம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய்.

இதில் மூன்று இடத்தில் முட்டும். முதலாவது, பழைய இறப்பு பதிவே ஆகியிருக்காது. ஓராண்டு தாண்டிய இறப்பைப் பதிய வருவாய் கோட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். அதை முதலில் முடிக்காமல் மற்றதைத் தொடங்க முடியாது. இரண்டாவது, வாரிசு சான்றிதழில் மகள்களை விட்டுவிடுவது. கட்டிக் கொடுத்தாகிவிட்டது என்ற நினைப்பு. உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் அவருடைய தாய் எல்லோரும் முதல் வகை வாரிசுகள். யாரையாவது விட்டு வாங்கிய சான்றிதழ் என்றைக்காவது ஒருநாள் திரும்பி வந்து எல்லாவற்றையும் கவிழ்க்கும். தங்கைக்குப் பங்கு வேண்டாமென்றால் அவர் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கட்டும். பெயரை மறைப்பது வழியாகாது. மூன்றாவது, தாத்தா பெயரில் இருக்கும் பட்டாவுக்கு ஒரே சான்றிதழில் பேரனுக்குத் தாவ முடியாது. தாத்தாவுக்கு ஒரு வாரிசு சான்றிதழ், அவர் பிள்ளைகளில் இறந்து போன ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று சங்கிலியாக வேண்டும்.

கூட்டுப் பட்டாவோடு வாழ்வதில் ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அதில் யாருக்கு எவ்வளவு என்று எழுதியிருக்காது. அண்ணன் மொத்தப் பரப்புக்கும் காப்பீடு செய்துவிட்டு, தம்பியும் அதே சர்வே எண்ணில் தன் பங்குக்குச் செய்தால், இருக்கிற நிலத்தைவிடக் காப்பீடு செய்த நிலம் கூடிவிடும். இழப்பீடு வரும் நேரத்தில் இரண்டும் சிக்கும். சொட்டுநீர்ப் பாசனத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். ஐந்து ஏக்கருக்குள் இருந்தால்தான் சிறு விவசாயி. ஆறு ஏக்கர் கூட்டுப் பட்டாவில் மூன்று பேர் என்றால் ஆளுக்கு இரண்டு ஏக்கர்தான், ஆனால் காகிதத்தில் அது தெரியாது. சிறு விவசாயி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது பங்கு விவரத்தை விஏஓவிடம் எடுத்துச் சொல்லி எழுத வைக்க வேண்டியிருக்கும்.

பிரித்துக்கொள்ள மனம் வந்தால், குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைக்கு ஒவ்வொரு பங்குக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000 ரூபாய். 2023 ஜூலையில் உயர்த்திய அளவு இது. பத்திரம் முடிந்ததும் உட்பிரிவுடன் பட்டா மாறுதல். கிராமத்தில் உட்பிரிவுக்கு 400 ரூபாய். நில அளவர் வந்து அளக்கும் நாளில் எல்லாப் பங்குதாரரும் வயலில் நில்லுங்கள். வரப்பு ஓடும் இடமும் பத்திரத்தில் எழுதிய அளவும் ஒத்துப்போகாமல், அளந்த அன்றே விண்ணப்பம் நின்று போவது அடிக்கடி நடக்கிறது.

பட்டா மாறுதல் விண்ணப்பம் தள்ளுபடியானால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். ஆவணக் குறை என்றால் குறையைத் தீர்த்துப் புதிதாக விண்ணப்பிப்பதுதான் வேகமான வழி. உரிமையில் தகராறு என்று தள்ளினால் 1983-ஆம் ஆண்டு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு.

கிரயம் வாங்கிய நிலமும் இதே வகைதான். இப்போதெல்லாம் பத்திரம் பதியும்போதே பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பம் போய்விடுகிறது. முழு உட்பிரிவையும் ஒருவரே வாங்கினால் தானாகவே மாறுவதும் உண்டு. ஆனால் 1990-களில் வாங்கிப் பட்டா மாற்றாமல் விட்ட நிலம் இன்னும் விற்றவர் பெயரில்தான் நிற்கும். அவர் முகாமுக்குப் போனால் உங்கள் நிலம் அவர் எண்ணில் ஏறும். அதனால் நிலம் அவருக்குப் போய்விடாது, உரிமையைச் சொல்வது பத்திரம்தான். என்றாலும் அதை அவிழ்க்கிற அலைச்சல் உங்களுக்கு.

எண் வந்த பிறகும் அடங்கல்

எண் யாருடைய நிலம் என்று சொல்கிறது. இந்தப் பருவம் அதில் என்ன நிற்கிறது என்பதை அடங்கல்தான் சொல்கிறது. பயிர்க் காப்பீடு, நேரடிக் கொள்முதல் நிலையம், வெள்ள நிவாரணம் எல்லாமே அடங்கலைத்தான் கேட்கும். அடங்கல் பசலி ஆண்டுக் கணக்கில் ஓடுகிறது, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. 2025 ஜூலையில் தொடங்கியது 1435-ஆம் பசலி. குறுவை, சம்பா, தாளடி ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏற வேண்டும். போன பருவ அடங்கலைக் காட்டி இந்தப் பருவத்துக்குக் காப்பீடு செய்ய முடியாது.

இந்த இடத்துக்குத்தான் டிஜிட்டல் பயிர் கணக்கெடுப்பு வந்திருக்கிறது. கணக்கெடுப்பவர் வயலுக்கே வந்து, போனின் ஜிபிஎஸ் அந்தச் சர்வே எண்ணுக்குள் நிற்பதாகக் காட்டும்போது பயிரைப் படமெடுத்து ஏற்ற வேண்டும். 2024-இல் விஏஓக்கள் இந்த வேலையை ஏற்க மறுக்க, வேளாண் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கினார்கள். திட்டம் நல்லதுதான், ஆனால் நம் உட்பிரிவுகள் சின்னவை. பத்து செண்ட் வயலில் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டினாலே ஆள் பக்கத்து வயலில் நிற்கிறார். வரைபடமே நிலத்தின் மேல் சற்று நகர்ந்து உட்கார்ந்திருந்தால் வரிசையாக எல்லா வயலும் மாறும். தென்னைக்குள் ஊடுபயிராக வாழை இருந்தால் ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள். கணக்கெடுப்பு முடிந்த சில நாளில் இணையத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு அடங்கலைத் திறந்து பாருங்கள். "தரிசு" என்று இருந்தால் பயிர் நிற்கும்போதே விஏஓவிடம் சொல்லித் திருத்த வேண்டும். அறுவடைக்குப் பிறகு காட்ட வயலில் ஒன்றும் இருக்காது. தேதி தெரியும்படி வயலில் நின்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது செலவில்லாத காப்பு.

எண்ணும் வந்து, நிலமும் சேர்ந்து, பிஎம் கிசான் பணம் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் வங்கிப் பக்கம் பாருங்கள். 2,000 ரூபாய்த் தவணை நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணுக்குப் போவதில்லை. ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகிறது. நடுவில் அஞ்சலகத்தில் ஒரு வங்கிக் கணக்கு தொடங்கியிருந்தால் பணம் அங்கே உட்கார்ந்திருக்கும். மைஆதார் தளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று பார்க்கலாம். இந்தத் திட்டத்தில் 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்தது என்பதும் கணக்கு. அதற்குப் பின் வாங்கிய நிலத்துக்குக் கிடையாது. பட்டாதாரர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு.

குத்தகைக்காரர்

இந்த அமைப்பின் பெரிய ஓட்டை இது, சுற்றி வளைக்காமல் சொல்லலாம். பதிவேடு பட்டாவில் தொடங்குவதால், பட்டா இல்லாமல் உழுகிறவர் அதற்குள் வருவதில்லை. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் கோயில், மடத்து நிலங்களைத் தலைமுறையாகச் சாகுபடி செய்கிறவர்களுக்குப் பட்டா கோயில் பெயரில், மடத்தின் பெயரில் இருக்கிறது. தனியார் நிலத்தில் வாய்மொழிக் குத்தகை. குத்தகையைப் பதிவு செய்ய 1969-இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிவானால் நிலம் கைவிட்டுப் போகுமென்று உரிமையாளர் அஞ்சுகிறார், கேட்டால் அடுத்த ஆண்டு குத்தகையே கிடைக்காது என்று சாகுபடியாளர் அஞ்சுகிறார்.

அடையாள எண் இல்லாத குத்தகைக்காரருக்குக் கையில் மிஞ்சும் ஒரே காகிதம் அடங்கல், அதில் சாகுபடி செய்பவர் பெயர் எழுதும் கலம். அங்கே உரிமையாளர் பெயரையே மறுபடி எழுதிவிட்டால், காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டியவர் ஒருவர், இழப்பீடு கேட்கத் தகுதியானவர் இன்னொருவர் என்று ஆகிவிடும். விதைத்த கையோடு, கோயில் நிலமென்றால் நடப்பாண்டுக் குத்தகை ரசீதையும், தனியார் நிலமென்றால் உரிமையாளரின் ஒப்புதல் கடிதத்தையும் கொண்டுபோய் விஏஓவிடம் அந்தக் கலத்தில் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். சம்பாவுக்குப் பெரும்பாலும் நவம்பர் நடுவில் காப்பீட்டுக் கெடு முடியும். கடைசி வாரத்தில் விஏஓ அலுவலகத்தில் ஊரே நிற்கும், அதற்குள் எழுதிய அடங்கல் நகல் கையில் இருக்க வேண்டும். மூன்று ஆண்டு நகல்களைச் சேர்த்து வையுங்கள். குத்தகைப் பதிவுக்கு விண்ணப்பிக்கிற நாள் வந்தால், தொடர்ந்து சாகுபடி செய்ததற்கு அவைதான் சாட்சி.